கன்னத்தில் ஒதுக்கியதும் மூச்சில் ஏறியதும்

(தண்டலத்தில் ஆற்றிய பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

முன்வரிசையில் மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். பின்வரிசையில் இருங்காட்டுக்கோட்டையிலிருந்தும் ஒரகடத்திலிருந்தும் ஷிஃப்ட் முடித்துக் கம்பெனிச் சட்டையோடே வந்தவர்கள் இருக்கிறார்கள். நான் பேசப்போவது பின்வரிசைக்கு. முன்வரிசைக்குப் பரீட்சைக்கு வேண்டியது நடுநடுவே வந்து சேரும்.

இந்தப் பக்கத்துச் சின்னச் சின்ன ஃபேப்ரிகேஷன் ஷெட்களில் புதிதாகச் சேரும் பையனுக்கு மூத்த வெல்டர் ஒரு யோசனை சொல்வார்: "சாயங்காலம் ஒரு துண்டு வெல்லம் வாயில போட்டுக்கடா, புகையெல்லாம் இறங்கிடும்." சிலர் வாழைப்பழம் என்பார்கள், சிலர் பால் என்பார்கள். சம்பளம் கொஞ்சம் கூடினவர்கள் மருந்துக் கடையில் 'ஆன்டி ஆக்ஸிடன்ட்' என்று அட்டையில் அச்சடித்த மாத்திரை வாங்குகிறார்கள். வெல்லம் பத்து ரூபாய், மாத்திரை சில நூறு ரூபாய், எண்ணம் ஒன்றுதான். உள்ளே போன கெடுதலை இன்னொன்றை விழுங்கிக் கழுவிவிடலாம் என்பது அந்த எண்ணம். அது எங்கே பிசகுகிறது என்று காட்டத்தான் வந்திருக்கிறேன்.

ஆக்ஸிஜனிலிருந்து தொடங்குவோம். நாம் மூச்சில் வாங்கும் ஆக்ஸிஜன், செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியா என்ற இடத்தில் நான்கு எலெக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு தண்ணீராகிறது. நான்கும் ஒழுங்காகச் சேர்ந்தால் வம்பில்லை. ஒன்றை மட்டும் வாங்கிக்கொண்டு நழுவினால் அது சூப்பராக்ஸைடு. இரண்டோடு நின்றால் ஹைட்ரஜன் பெராக்ஸைடு, அதாவது காயம் கழுவ வாங்குகிறோமே, அதே சரக்கு. அந்தப் பெராக்ஸைடுக்குப் பக்கத்தில் இரும்போ தாமிரமோ இருந்துவிட்டால் ஹைட்ராக்ஸில் ராடிக்கல் பிறக்கிறது. இரும்பும் பெராக்ஸைடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதை 1894லேயே ஃபென்டன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் எழுதிவைத்தார். அதற்கும் நம் உடம்புக்கும் தொடர்புண்டு என்பது தெரிய இன்னும் அறுபது வருடம் பிடித்தது. அர்ஜென்டினாவில் பிறந்த ரெபேக்கா கெர்ஷ்மன் என்ற அம்மையார் 1954ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அளவுக்கு மிஞ்சிய ஆக்ஸிஜனும் எக்ஸ்-கதிரும் உயிரைக் கெடுப்பது ஒரே வழியில்தான், இரண்டுமே இந்த ராடிக்கல்களைப் பிறப்பிக்கின்றன என்றார் அவர். அதே 1954ல்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. இந்த இரண்டுக்கும் உறவு உண்டு, பின்னால் சொல்கிறேன்.

ஹைட்ராக்ஸில் ராடிக்கலின் ஆயுள் ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுதான். பிறந்த இடத்திலிருந்து அது எங்கும் போவதில்லை. பக்கத்தில் எது இருக்கிறதோ அதைக் கடித்துவிட்டு முடிந்துபோகும். ரத்தத்தில் மிதக்கும் வைட்டமின் ஓடிவந்து அதைப் பிடிக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் உடம்பு அதைப் பிடிக்க முயல்வதில்லை. அது பிறப்பதற்கு முன்பே சூப்பராக்ஸைடையும் பெராக்ஸைடையும் ஒழித்துக்கட்டப் பார்க்கிறது. அந்த வேலைக்கென்றே இருக்கும் சூப்பராக்ஸைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியை 1969ல் மெக்கார்டும் ஃப்ரிடோவிச்சும் கண்டுபிடித்தார்கள். அதற்கு அடுத்த வேலையைக் கேட்டலேஸ் பார்க்கிறது. ராடிக்கல் என்றாலே விஷம் என்றும் நினைத்துவிட வேண்டாம். நம் வெள்ளை அணுக்கள் கிருமியைக் கொல்ல எடுக்கும் ஆயுதங்களில் சூப்பராக்ஸைடும் ஒன்று. உற்பத்தி இந்தக் காவலை மீறிப் போகும் நிலைக்குத்தான் ஆக்ஸிஜனேற்ற அழுத்தம் என்று பெயர்.

இனி டி.என்.ஏ.வுக்கு வருவோம். அதில் நான்கு எழுத்துகள். அவற்றில் எளிதாக ஆக்ஸிஜன் பிடிக்கக்கூடியது குவானின். ராடிக்கல் கடித்த குவானினுக்கு எட்டு-ஆக்ஸோ-குவானின் என்று பெயர். ஜப்பானில் கசாய், நிஷிமுரா என்ற இருவர் 1984ல் இதை வெளியிட்டார்கள். டி.என்.ஏ.வின் குவானின் பகுதியை அப்படி மாற்ற அவர்கள் சோதனைக் குழாயில் பயன்படுத்திய பொருள்களில் முக்கியமானது எது தெரியுமா? வைட்டமின் சி. ஆன்டி ஆக்ஸிடன்ட் என்று நாம் காசு கொடுத்து வாங்குகிறோமே, அதேதான். உலோகம் பக்கத்தில் இருக்கும்போது அது கட்சி மாறிவிடும். மருந்துக் கடை அட்டையில் இதை எழுதமாட்டார்கள்.

சரியான குவானின் எதிரே சைட்டோசின் உட்காரும். கடிபட்ட குவானின் எதிரே அடினின் வந்து உட்கார்ந்துவிடும். செல் இரண்டாகப் பிரிந்து, அந்த அடினினைப் பார்த்து மறுபடி நகல் எடுக்கும்போது, ஜி, அதாவது குவானின், இருந்த இடத்தில் டி, அதாவது தைமின், நிற்கும். அதற்குப்பின் அதைத் தவறு என்று சொல்ல ஆளில்லை, அதுவே மூலப்பிரதி ஆகிவிடுகிறது.

இப்படி ஒவ்வொரு செல்லிலும் தினம் ஆயிரக்கணக்கில் அடி விழுகிறது. அப்படியிருந்தும் நாம் பிழைத்துக் கிடக்கிறோம் என்றால் பழுது பார்க்க ஏற்பாடு இருக்கிறது என்று பொருள். இந்தப் பழுதுபார்ப்பு வேலைகளை விளக்கியதற்காகத்தான் லிண்டால், மோட்ரிச், சன்ஜார் மூவருக்கும் 2015ல் வேதியியல் நோபல் கிடைத்தது. கடிபட்ட குவானினுக்கென்று இருக்கும் ஏற்பாடு, பின்வரிசைக்காரர்களுக்கு உடனே விளங்கும். உங்கள் பிளான்டின் குவாலிட்டி டிபார்ட்மென்ட் மாதிரியே மூன்று கட்டம். எம்.டி.ஹெச்.1 என்ற நொதி, கடிபட்ட எழுத்து டி.என்.ஏ.வுக்குள் ஏறுவதற்கு முன்பே கேட்டில் நிறுத்தி ரிஜெக்ட் செய்கிறது. ஓ.ஜி.ஜி.1 லைனில் நின்று, ஏற்கெனவே ஏறிவிட்டதை வெட்டி எடுக்கிறது. அதையும் தாண்டி எதிரே தப்பான அடினின் வந்து உட்கார்ந்துவிட்டால், மியூட்-ஒய்-ஹெச் என்பது கடைசி மேஜையில் அந்த அடினினைப் பிடித்து நீக்குகிறது.

கடைசி மேஜையில் ஆளே இல்லாவிட்டால் என்ன ஆகும்? 2002ல் பிரிட்டனின் கார்டிஃப் ஆய்வாளர்கள் ஒரு குடும்பத்தைப் பார்த்தார்கள். அந்த வீட்டில் மூன்று உடன்பிறந்தவர்களுக்குப் பெருங்குடல் முழுக்கக் கட்டிகள், புற்றுநோய். இந்த மாதிரி வீடுகளில் வழக்கமாக ஏ.பி.சி. என்ற மரபணு பரம்பரையாகவே கெட்டிருக்கும். இவர்களுக்கோ பிறப்பில் அது நன்றாகத்தான் இருந்தது. கட்டிகளைத் தனித்தனியே எடுத்துப் படித்தார்கள். பதினொரு கட்டிகளில், பிறந்த பிறகு ஏ.பி.சி.யில் விழுந்த பிழைகள் 18. அதில் 15 பிழைகள் ஒரே வகை, ஜி இருந்த இடத்தில் டி. யார் கைரேகை என்று தெரிந்துவிட்டது. தேடிப்போனதில், தாய் தந்தை இருவரிடமிருந்தும் வந்த மியூட்-ஒய்-ஹெச் பழுதாகியிருந்தது. பிறகு இந்திய வம்சாவளிக் குடும்பங்களிலும் இதே கோளாறு, தனக்கென்று ஒரு மாற்றத்தோடு கிடைத்தது. ஆக்ஸிஜன் கடித்த காயம் மனிதனுக்குப் புற்றுநோயைக் கொண்டுவருமா என்று கேட்பவர்களுக்கு இதைவிட நேரான சாட்சி எனக்குத் தெரிந்து வேறில்லை. வெளியிலிருந்து எந்த விஷமும் வேண்டியிருக்கவில்லை. தினசரி விழும் அடியே போதுமாக இருந்தது.

மாணவர்கள் இங்கே ஒரு எச்சரிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜி, டி ஆனதெல்லாம் ஆக்ஸிஜன் செய்த வேலை என்று எழுதிவிடாதீர்கள். சிகரெட் புகையிலுள்ள பென்ஸோபைரீன் குவானினோடு ஒட்டிக்கொண்டாலும் இதே மாற்றம் வரும். தவிர, ஒரு பிழையால் புற்றுநோய் வருவதில்லை. செல்லின் பெருக்கத்தைத் தூண்டும் மரபணு, தடுக்கும் மரபணு, பழுதான செல்லைத் தற்கொலைக்கு அனுப்பும் பி-53 என்று பல இடங்களில் அடி விழுந்து சேரவேண்டும். அதற்குப் பல வருடம் ஆகும்.

அடி விழுவது மட்டுமே கணக்கானால் கேரளத்தின் கருநாகப்பள்ளிக் கடற்கரை இந்நேரம் காலியாகியிருக்கும். அங்கே மணலில் மோனசைட், அதில் தோரியம். நம் மணவாளக்குறிச்சி மணலின் உறவுதான். வீட்டு வாசலிலேயே கதிர்வீச்சு சாதாரண ஊர்களைவிடப் பல மடங்கு. ஏறக்குறைய 70,000 பேரைச் சராசரியாகப் பத்தரை வருடம் பின்தொடர்ந்த ஆய்வு 2009ல் வெளியானது. கதிர்வீச்சு கூடின இடத்தில் புற்றுநோய் கூடவில்லை. சொட்டுச் சொட்டாக உடம்பு முழுவதும் பரவி விழும் அடியைப் பழுதுபார்ப்பு சமாளித்துவிடுகிறது போலும். ஒரே இடத்தில், தினமும், மணிக்கணக்கில் விழும் அடி அப்படியல்ல.

அந்த ஒரே இடம் எது? இந்த வட்டாரத்தில் பலருக்கு அது கன்னத்தின் உட்பக்கம்.

பிளான்டுக்குள் பீடி, சிகரெட் பற்றவைக்க முடியாது. இரவு ஷிஃப்டில் மூன்று மணிக்குக் கண் செருகும். லைன் நிற்காது. பாக்கெட்டிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்து உதட்டுக்குள் வைத்தால் யாருக்கும் தெரியாது. ஹான்ஸ், கூல் லிப், ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தம்பிகளிடம் கைனி, அஸ்ஸாம் பிள்ளைகளிடம் பச்சைப் பாக்கு, ஊர்ப் பெரியவர்களிடம் வெற்றிலை பாக்கு புகையிலை. தமிழ்நாட்டில் 2013லிருந்து குட்காவுக்குத் தடை இருக்கிறது. பெட்டிக்கடையில் கேட்டுப் பாருங்கள், தடை எவ்வளவு தூரம் வேலை செய்கிறது என்று தெரியும். 2016-17ல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பில் இந்தியாவில் வயதுவந்தோரில் 21.4 சதவீதம் பேர் புகையில்லாப் புகையிலைக்காரர்கள்.

"நான் புகையிலை சேர்ப்பதில்லை, வெறும் பாக்குதான்" என்பவர்களுக்கு வேதியியலைச் சொல்கிறேன். சுண்ணாம்பு தடவியதும் வாய்க்குள் காரத்தன்மை ஏறுகிறது. பாக்கின் துவர்ப்புக்குக் காரணமான பாலிஃபீனால்கள், சாதாரண எச்சிலில் சும்மா கிடப்பவை, காரம் ஏறியதும் தாமாகவே ஆக்ஸிஜனோடு சேர்ந்து சூப்பராக்ஸைடைக் கக்குகின்றன. அதிலிருந்து பெராக்ஸைடு. பாக்கில் தாமிரம் அதிகம், சுண்ணாம்பில் இரும்பு கலந்திருக்கும். ஃபென்டனுக்கு வேண்டிய எல்லாச் சரக்கும் கன்னத்துக்குள்ளேயே ஒதுங்கியாயிற்று. வாய் சிவந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறோமே, அந்தச் சிவப்பே ஆக்ஸிஜனேற்றத்தின் நிறம்தான்.

இது ஊகமில்லை. உர்மிளா நாயரும் அவருடைய குழுவினரும் 1995ல் ஓர் அழகான சோதனையை வெளியிட்டார்கள். ஃபீனைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைப் பாக்கு, சுண்ணாம்போடு சேர்த்து மெல்லச் சொல்லி, எச்சிலைச் சேகரித்தார்கள். நம் உடம்பின் நொதி அதை டைரோசினாக மாற்றும்போது ஒரே ஒரு வடிவத்தில்தான் மாற்றும். ஹைட்ராக்ஸில் ராடிக்கல் இஷ்டத்துக்குக் கடிப்பதால் வேறு இரண்டு வடிவங்களும் கிடைக்கும். மென்றவர்களின் எச்சிலில் அந்த இரண்டும் இருந்தன. ஒரு நொடியில் நூறு கோடியில் ஒரு பங்கு வாழும் ராடிக்கலை, அது விட்டுப்போன தடயத்தை வைத்து, உயிருள்ள மனிதன் வாய்க்குள்ளேயே பிடித்துக் காட்டினார்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1985ல் புகையிலை சேர்த்த வெற்றிலையைப் புற்றுநோய்க் காரணி என்றது. 2004ல் புகையிலை இல்லாத வெற்றிலைச் சுருளையும், வெறும் பாக்கையுமே உறுதியான காரணிகளின் முதல் பட்டியலில் சேர்த்துவிட்டது. புகையிலையும் கூடினால் நைட்ரோசமீன்கள் என்ற தனி விஷம் வேறு சேர்கிறது.

புற்றுநோய்க்கு முன்பே வாய் ஒரு முன்னறிவிப்பு கொடுக்கும். கைவிரல் மூன்றைச் சேர்த்து நிமிர்த்தி, முன்பற்களுக்கு நடுவே நுழைத்துப் பாருங்கள். இப்போதே செய்யலாம், வெட்கம் வேண்டாம். மூன்று விரலும் போனால் நல்லது. பாக்கு போடுகிறவருக்கு இரண்டு விரல்தான் போகிறது, காரம் பட்டால் எரிகிறது, கன்னத்தின் உட்பக்கம் வெளுத்து நார்நாராகத் தட்டுப்படுகிறது என்றால் சப்மியூக்கஸ் ஃபைப்ரோசிஸ். பாக்கின் தாமிரம், நார்களைக் குறுக்கே பிணைக்கும் நொதியை முடுக்கிவிடுவதால் கன்னம் தோல்பட்டை போல இறுகுகிறது. 1952ல் கென்யாவில் வாழ்ந்த இந்தியப் பெண்கள் ஐந்து பேரிடம் ஷ்வார்ட்ஸ் என்பவர் இதைக் கண்டு எழுதினார். அடுத்த வருடமே பம்பாயில் ஜோஷி எழுதினார். அன்று நடுவயதுக்காரர்களின் நோய். இன்று இருபதைத் தாண்டாத பையன்கள் இரண்டு விரலோடு பல் மருத்துவரிடம் வருகிறார்கள்.

வெல்டிங் புகைக்கு வருவோம். 2017 வரை அதற்கு 'சந்தேகக் கேஸ்' என்ற அந்தஸ்துதான். 2017ல் அதே புற்றுநோய் ஆய்வு முகமை கூடி முதல் பட்டியலுக்கு ஏற்றியது, நுரையீரல் புற்றுநோய்க் காரணி என்று. டீசல் புகை 2012லேயே ஏறிவிட்டது. சாதாரண இரும்பு வெல்டிங்கில் நுண்ணிய இரும்புத் துகள் நுரையீரலில் படிந்து ஃபென்டன் வேலையைப் பார்க்கும். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் இன்னும் மோசம், புகையில் ஆறாம் நிலைக் குரோமியம் வரும். அது செல்லுக்குச் சத்தான சல்ஃபேட் போல வேஷம் போட்டு, அதே வாசல் வழியாக நுழைந்துவிடும். உள்ளே போனபின் எலெக்ட்ரானை ஒவ்வொன்றாக வாங்கி மூன்றாம் நிலைக்கு இறங்கும்போது வழியெல்லாம் ராடிக்கல். கடைசியில் டி.என்.ஏ.வோடேயே ஒட்டிக்கொள்ளும். அந்த எலெக்ட்ரானைக் கொடுக்கும் ஆட்களில் முன்னணியில் இருப்பது யார் என்று முன்வரிசை சொல்லட்டும். ஆம், மறுபடியும் வைட்டமின் சி. இதே பெங்களூர்ச் சாலையில் போனால் ராணிப்பேட்டை. அங்கே மூடிக்கிடக்கும் குரோமேட் ஆலையின் கழிவு, லட்சம் டன்னுக்கும் மேல், வெட்டவெளியில் குவிந்து மஞ்சளாக மழைநீரில் கசிந்த கதை உங்களில் பலருக்குத் தெரியும். ஆலையை மூடி இருபது முப்பது வருடம் ஆகியும் கழிவு மூடப்படவில்லை என்பதுதான் நம் நாட்டுத் தொழில் வளர்ச்சியின் கணக்குப் புத்தகத்தில் எழுதாத பக்கம்.

வெல்லம் வயிற்றுக்குப் போகிறது. புகை நுரையீரலுக்குப் போகிறது. இரண்டும் வழியில் சந்திப்பதில்லை. வெல்லத்தால் கெடுதல் ஒன்றுமில்லை, சாப்பிடுங்கள். மாத்திரையைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரைச் சேர்த்து, ஒரு பகுதியினருக்குத் தினமும் பீட்டா கரோட்டின் கொடுத்தார்கள். காரட்டுக்கு நிறம் கொடுக்கும் அதே பொருள். நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். 1994ல் முடிவு வந்தது, 18 சதவீதம் கூடியிருந்தது. இந்தத் தொழில்பேட்டைக்கு இன்னும் நெருக்கமானது அமெரிக்காவில் நடந்த கேரட் ஆய்வு. அதில் சேர்ந்த 18,314 பேர் புகைபிடித்தவர்களும் ஆஸ்பெஸ்டாஸில் வேலை பார்த்த தொழிலாளர்களும். மாத்திரை சாப்பிட்ட குழுவில் நுரையீரல் புற்றுநோய் 28 சதவீதமும் சாவு 17 சதவீதமும் கூடியதால், 1996ல் ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள். வைட்டமின் ஈ கொடுத்துப் பார்த்த இன்னொரு பெரிய ஆய்வில் ப்ராஸ்டேட் புற்றுநோய் கூடியது. ஏன் என்பதற்கு ஒரு விடை 2014ல் ஸ்வீடனிலிருந்து வந்தது. நுரையீரலில் கட்டி தொடங்கிவிட்ட எலிகளுக்கு ஆன்டி ஆக்ஸிடன்ட் கொடுத்தபோது கட்டி வேகமாக வளர்ந்தது. கட்டியின் செல்லுக்குள்ளும் ராடிக்கல் பெருகும். அதைக் கண்டுதான் பி-53 விழித்துக்கொள்ளும். மாத்திரை அந்தத் தொந்தரவைக் குறைத்ததும் பி-53 படுத்துவிட்டது. ஆரம்பித்துவிட்ட கட்டி யாரிடம் இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. பல வருடம் புகை வாங்கிய நுரையீரலுக்கு மாத்திரை ஏன் ஆகாது என்பது இப்போது விளங்கும். பழமும் கீரையும் தாராளமாகச் சாப்பிடுங்கள், அது வேறு விஷயம்.

அடையாறுக்குத் திரும்புகிறேன் என்றேன். கதிர் சிகிச்சை எப்படி வேலை செய்கிறது? கட்டிக்குள் இருக்கும் தண்ணீரைக் கதிர் உடைக்கிறது. ஹைட்ராக்ஸில் ராடிக்கல் பிறந்து டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளையும் அறுக்கிறது. கெர்ஷ்மன் சொன்ன அதே விஷம், மருத்துவர் கையில் மருந்து. ஆக்ஸிஜன் நன்றாக எட்டும் கட்டி, எட்டாத கட்டியைவிட இரண்டரை, மூன்று மடங்கு எளிதாகக் கதிருக்குப் பணியும். அடையாறு மருத்துவமனையின் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் 1955ல் அங்கே வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் முற்றிய வாய்ப் புற்றுநோய்க்குக் கதிரையும் மருந்தையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தவர்கள். கதிர் சிகிச்சை எடுக்கும் உறவினருக்கு 'சத்துக்கு' என்று ஆன்டி ஆக்ஸிடன்ட் டப்பா வாங்கிப் போகாதீர்கள். மருத்துவர் ஒரு பக்கம் மூட்டும் தீயில் நாம் மறுபக்கம் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

அப்படியென்றால் என்னதான் செய்வது? ராடிக்கல் பிறக்கும் இடத்திலேயே தடுப்பது ஒன்றுதான். ஷெட் முதலாளிகள் யாராவது வந்திருந்தால் அவர்களுக்கு: புகை கிளம்பும் இடத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக உறிஞ்சு குழாய் வைக்க வேண்டும் என்று 1948லேயே தொழிற்சாலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு சொல்லிவிட்டது. கூரையில் சுற்றும் ஃபேன் அந்தக் கணக்கில் வராது. அது புகையை வெல்டரின் முகத்தைத் தாண்டித்தான் மேலே இழுக்கும். கர்ச்சீஃப் கட்டுவதும் கட்டாததும் ஒன்றே. அந்தத் துகளுக்குத் துணி ஒரு தடையே இல்லை. பெரிய கம்பெனிகளில் ரோபோ வெல்டிங் அடைத்த கூண்டுக்குள் நடக்கிறது. அவர்களுக்கு பிராக்கெட் செய்து கொடுக்கும் மூன்றாம் அடுக்கு வெண்டரின் தகரக் கொட்டகையில்தான் பையன் குனிந்து நிற்கிறான்.

பாக்கையும் புகையிலையையும் நிறுத்தினால் பழைய வாய் திரும்புமா என்று கேட்பார்கள். வாய்க்குள் விழுந்த வெள்ளைத் திட்டு பலருக்கு மங்கும், மறையும். இறுகிப்போன கன்னம் இளகுவது அரிது, ஆனால் மேலும் இறுகாமல் நிற்க வாய்ப்பு உண்டு. நிறுத்தினவருக்கு ஆபத்து வருடக்கணக்கில் மெல்ல இறங்கும். அதுவரை யாராவது வாய்க்குள் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் 1996ல் தொடங்கிய ஆய்வில், பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் டார்ச் அடித்து வாயைப் பார்த்தார்கள். ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. எல்லாரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. புகையிலையோ மதுவோ பழக்கம் உள்ளவர்களை மட்டும் பிரித்துப் பார்த்ததில் வாய்ப் புற்றுநோய்ச் சாவு 34 சதவீதம் குறைந்திருந்தது.

இரண்டு வாரத்தில் ஆறாத புண், சுரண்டினாலும் போகாத வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, மூன்று விரல் நுழையாத வாய். இதில் ஒன்று இருந்தாலும் ஈ.எஸ்.ஐ. கார்டை எடுத்துக்கொண்டு போங்கள். கார்டு இல்லாத கான்ட்ராக்ட் தம்பிகள் அரசு மருத்துவமனைக்குப் போங்கள், சூப்பர்வைசரிடம் பல்வலி என்று சொன்னால் போதும். இன்று பின்வரிசையில் இருப்பவர்களுக்கு அந்த அலைச்சலும் வேண்டாம். முன்வரிசைப் பிள்ளைகள் டார்ச் கொண்டுவந்திருக்கிறார்கள், வலது பக்கக் கதவோரம் நாற்காலி போட்டாகிவிட்டது. டீ குடிப்பதற்கு முன்னால் போய்விடுங்கள், குடித்தபின் வாய் சரியாகத் தெரியாது.